கேன்சாட் போட்டி, லான்ச்சுக்கு 11 வாரம் தான் இருக்கு: லைவ் வீடியோ வைக்கலாமா வேணாமா? (டீமுக்குள்ள சண்டை)

முதல்_கேன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் முதல் பதிவு. நாங்க ஆறு பேர், கேன்சாட் (டின் சைஸ்ல செய்யற மாதிரி சாட்டிலைட்) போட்டிக்கு செலக்ட் ஆயிருக்கோம். ரூல்ஸ் எல்லாம் ஐரோப்பிய போட்டியோடது மாதிரியே தான், 115 மி.மீ. உயரம், 66 மி.மீ. விட்டம், அதாவது ஒரு குளிர்பான டின் சைஸ், எடை 300லேர்ந்து 350 கிராமுக்குள்ள இருக்கணும், ராக்கெட் சுமாரா 1 கி.மீ. மேல கொண்டு போய் வெளிய தள்ளிவிடும், அங்கேர்ந்து பாராசூட்ல இறங்கணும். முதல் மிஷன் எல்லா டீமுக்கும் ஒண்ணு தான், வெப்பநிலையும் காற்றழுத்தமும் அளந்து செகண்டுக்கு ஒரு தடவையாவது கீழ அனுப்பணும். ரெண்டாவது மிஷன் நம்ம இஷ்டம்.

சண்டையே அந்த ரெண்டாவதுல தான். மூணு பேர் லைவ் வீடியோ அனுப்பணும், அதோட சர்வோ (சின்ன மோட்டார்) வச்சு பாராசூட்ட இழுத்து குறிச்ச இடத்துல இறக்கணும்ங்கறாங்க. மீதி மூணு பேர் (நானும் சேர்த்து) ஈரப்பதம், புற ஊதா மாதிரி ஏதாவது ஒரு சென்சார் போதும்னு சொல்றோம். இப்போதைக்கு பிரெட்போர்டுல பிஎம்பி280 (அழுத்தம், வெப்பநிலை சென்சார்) ஓடுது, லோரா ரேடியோ (வேகம் குறைவு, தூரம் அதிகம் போற வகை) ரெண்டு வாங்கியாச்சு, இன்னும் ஆன் கூட பண்ணல. 11 வாரம் இருக்கு. என்ன பண்ணலாம்?

பழைய_கேப்டன்:
தம்பி, லைவ் வீடியோவ மறந்துடுங்க. அடுத்த கேள்வி.

ரிஸ்க்_எடு:
^ இதுக்கு பேரு அட்வைஸா? போட்டிங்கறதே புதுசா ஒண்ணு முயற்சி பண்ணத்தானே. அமெரிக்காவுல பிளாக் ராக் பாலைவனத்துல 1999லேர்ந்து ஆர்லிஸ்னு நடக்குது, அங்க 4 கி.மீ. உயரத்துலேர்ந்து இறங்கி தானாவே ஓட்டிக்கிட்டு போய் இலக்க தொடற போட்டியே தனியா இருக்கு, அதெல்லாம் ஸ்டூடண்ட்ஸ் தான் பண்றாங்க. எல்லாரும் ஈரப்பதம் அளந்தா ஜட்ஜ் தூங்கிடுவாரு.

பழைய_கேப்டன்:
சரி விவரமாவே சொல்றேன், அவசரத்துல எழுதிட்டேன்.

ஒரு கி.மீ. உயரம், செகண்டுக்கு 8 மீட்டர் வேகத்துல இறங்குதுன்னு வைங்க, மொத்தம் 125 செகண்ட். அவ்ளோ தான் உங்க விண்வெளிப் பயணம், ரெண்டு நிமிஷம். லோராவுல எஸ்எஃப்7 (இந்த எஸ்எஃப் நம்பர் ஏற ஏற தூரம் கூடும், வேகம் குறையும்), 125 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் வச்சா செகண்டுக்கு அஞ்சரை கிலோபிட் கிடைக்கும். 320க்கு 240 சைஸ்ல ஒரு சின்ன ஜேபெக் படமே 10 கிலோபைட் வரும், அதாவது 80 கிலோபிட். ஒரு படம் போக 15 செகண்ட். டெலிமெட்ரிய (சென்சார் டேட்டா அனுப்பறத) மொத்தமா நிறுத்திட்டு படம் மட்டுமே அனுப்பினாலும் ரெண்டு நிமிஷத்துல எட்டு படம். இதுக்கு பேரு லைவ் வீடியோ இல்ல, ஃபோட்டோ ஆல்பம். தனியா வீடியோ டிரான்ஸ்மிட்டர் வைக்கிறதுன்னா அதுக்கு கரண்ட், சூடு, ஃப்ரீக்வென்சி அனுமதி எல்லாம் வேற கதை, 11 வாரத்துல அத தொடாதீங்க.

அடுத்து சர்வோ. காத்து 5 மீட்டர் வேகத்துல அடிச்சாலே அந்த 125 செகண்டுல 600 மீட்டருக்கு மேல தள்ளிட்டு போயிடும். அத எதிர்த்து ஓட்டறதுக்கு வேணுங்கற கிளைடர் பாராசூட் மடிச்ச இடத்துலேர்ந்து ஒழுங்கா விரியணும். விரியறது தான் கஷ்டமே, ஓட்டறது அப்புறம். ஆர்லிஸ்ல கிலோ கணக்குல எடை உள்ள பிரிவு இருக்கு, 4 கி.மீ. உயரம் இருக்கு. நீங்க டின் சைஸ்ல ஒரு கி.மீ.லேர்ந்து இறங்கறீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

முதல்_கேன்:
கணக்கு போட்டு பாக்கவே இல்ல அண்ணா, இத டீம் குரூப்ல போட்டேன், ஒரே அமைதி 😅

ஈயப்பத்து:
நான் ரெண்டு வருஷம் போட்டியில நின்னவன், இப்ப ஜூனியர் டீமுக்கு போர்டு பாத்து குடுக்கறேன். ஐடியா எதுவா வேணா இருக்கட்டும், கேன் சாகறது ஐடியாவுல இல்ல, ஒயருல. நான் கண்ணால பாத்தத சொல்றேன்.

ரேடியோவுக்கு கரண்ட் எங்கேர்ந்து குடுக்கறீங்க? ஆர்டுயினோ நானோவோட 3.3 வோல்ட் பின்லேர்ந்துன்னா நிறுத்துங்க, அது 50 மில்லி ஆம்ப் தான் தரும், லோரா ரேடியோ சிப் எஸ்எக்ஸ்1276 ஃபுல் பவர்ல, அதாவது 20 டிபிஎம்ல, 120 மில்லி ஆம்ப் இழுக்கும். மேசையில லோ பவர்ல எல்லாம் அழகா ஓடும், ஃபீல்டுல போய் பவர ஏத்தினதும் ரீசெட் ஆகும், நீங்க கோடுல (புரோகிராம்ல) பிழை தேடிட்டு உக்காந்திருப்பீங்க. எங்க டீம் நாலு நாள் அப்படித்தான் உக்காந்துச்சு. தனி ரெகுலேட்டர் போடுங்க, ரேடியோ பக்கத்துலயே ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைங்க.

அப்புறம் அந்த 9 வோல்ட் சதுர பேட்டரிய யாராவது வாங்கி வச்சிருந்தா அத ஸ்மோக் டிடெக்டர்ல போட்டுடுங்க, உள் மின்தடை அதிகம், கரண்ட் கேட்டா வோல்டேஜ் படுத்துடும்.

முதல்_கேன்:
...ரெண்டு வாங்கி வச்சிருக்கோம்

ஈயப்பத்து:
தெரியும் 😂 எல்லாரும் வாங்குவாங்க

சும்மா_கேட்டேன்:
குறுக்க கேக்கறதுக்கு மன்னிக்கவும், இது சாட்டிலைட்டே இல்லையே? ஒரு கி.மீ. போய் கீழ விழுது. இதுக்கு ஏன் சாட்டிலைட்னு பேரு? சுற்றுப்பாதைக்கே போகாத ஒண்ண வச்சு பசங்கள ஏமாத்தற மாதிரி இருக்கு.

க்யூப்காரி:
நியாயமான கேள்வி தான், நான் இப்ப க்யூப்சாட் (சுற்றுப்பாதைக்கு போற குட்டி சாட்டிலைட்) வேலையில இருக்கேன், ஆரம்பிச்சது கேன்சாட்ல, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இந்த ஐடியா 1998ல ஸ்டான்ஃபோர்டுல இருந்த பாப் ட்விக்ஸ் சொன்னது. மாணவர்கள் ஒரு செயற்கைக்கோள முழுசா செஞ்சு முடிக்கறதுக்குள்ள படிப்பே முடிஞ்சிடுது, அதனால ஒரு வருஷத்துக்குள்ள டிசைன், செய்யறது, டெஸ்ட், ஏவறது, டேட்டா அலசறதுன்னு எல்லாத்தையும் ஒரு சுத்து பாக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு தான் டின் சைஸ்ல ஆரம்பிச்சாங்க. சாட்டிலைட்ல இருக்கற அத்தனை உறுப்பும் இதுலயும் இருக்கு, பவர், கம்ப்யூட்டர், சென்சார், ரேடியோ, கட்டமைப்பு, தரைநிலையம். இல்லாதது சுற்றுப்பாதை மட்டும் தான். அடுத்த வருஷமே, 1999ல, அவரும் கால் பாலி பல்கலைக்கழகத்து ஜோர்டி புய்க்-சுவாரியும் சேர்ந்து 10 செ.மீ. கனசதுரம்னு க்யூப்சாட் அளவ வகுத்தாங்க. அந்த அளவு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பீனி பேபி பொம்மை வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிய பாத்து வந்தது, இத எங்க சீனியர் சொன்னப்ப கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன், நிஜம் தான்.

முதல் க்யூப்சாட் கூட்டம் 2003 ஜூன் 30 அன்னிக்கு ரஷ்யாவோட பிளெசெட்ஸ்க்லேர்ந்து ஒரே ராக்கெட்ல போச்சு. டோக்கியோ பல்கலைக்கழகத்தோட எக்ஸ்ஐ-4 அதுல ஒண்ணு, அந்த குழு அதுக்கு முன்னாடி கேன்சாட் செஞ்சு பழகினவங்க. எக்ஸ்ஐ-4 பத்து வருஷத்துக்கு மேல உயிரோட இருந்துச்சு. அதே ராக்கெட்ல போன டிடியுசாட், கேன்எக்ஸ்-1 ரெண்டும் ஒரு வார்த்தை கூட பேசல. டென்மார்க்கோட ஆல்போர்க் பசங்க அனுப்பினது பேசுச்சு, ஆனா சிக்னல் பலவீனம், பேட்டரி பிரச்சனை, கொஞ்ச மாசத்துல போயிடுச்சு. ஒரே ராக்கெட், ஒரே சைஸ்.

கேன் செஞ்சதால தான் பொழைச்சுதுன்னு நான் சொல்ல வரல, அப்படி நிரூபிக்க முடியாது. ஆனா தரையில தொட்டு பாக்க முடிஞ்ச ஒண்ணுல தோத்து பழகறது நல்லதா, 500 கி.மீ. மேல போனப்புறம் முதல் தடவையா தோக்கறது நல்லதா?

சும்மா_கேட்டேன்:
ஓகே ஓகே, ஏத்துக்கறேன். பேரு மட்டும் இன்னும் உறுத்துது.

யாகி_பிடிச்ச_கை:
ரேடியோ பத்தி நான் சொல்லலனா தூக்கம் வராது. முதல்_கேன், உங்க டீம்ல யாராவது ஒருத்தர் "தூரம் போகணும்னா எஸ்எஃப்12 வைக்கணும்"னு சொல்வாரு. வைக்காதீங்க. 50 பைட் பாக்கெட் எஸ்எஃப்7ல ஏறக்குறைய 0.1 செகண்டுல போயிடும், எஸ்எஃப்12ல ரெண்டு செகண்டுக்கு மேல ஆகும். செகண்டுக்கு ஒரு பாக்கெட்டுங்கற ரூலயே உடைச்சிடுவீங்க. திறந்த வெளியில ஒரு கி.மீ., ரெண்டு கி.மீ.க்கு எஸ்எஃப்7 தாராளம்.

அடுத்தது ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ்க்கு கால் அலை 17 செ.மீ. சொச்சம். கேன் உயரமே பதினொன்றரை செ.மீ. தான், அதனால உள்ள சுருட்டி வைப்பாங்க, சுத்தி அலுமினியம் இல்ல கார்பன் ஃபைபர், அப்புறம் சிக்னல் வரலன்னு அழுவாங்க. ஒயர மேல பாராசூட் கயிறோட சேர்த்து நேரா விட்டுடுங்க, அது எப்பவும் இழுபட்டு நேரா நிக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, நேரா நிக்கற ஒயரோட நுனி திசையில சிக்னல் ரொம்ப குறைவு, கேன் உங்க தலைக்கு நேர் மேல வந்தா சிக்னல் அடி வாங்கும், அதனால கிரவுண்ட் ஸ்டேஷன லான்ச் பேட்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வைங்க. யாகிய (கீழ கையில பிடிக்கற ஆன்டெனா) படுக்க வச்சும் பிடிக்காதீங்க, கேன்ல ஒயர் செங்குத்துன்னா யாகியும் செங்குத்தா தான் இருக்கணும், 90 டிகிரி மாறினா 20 டெசிபெல் வரைக்கும் கூட போயிடும். நம்ம கண்ணு வானத்துல இருக்கும் கை தானா திரும்பிடும், எனக்கே நடந்திருக்கு, கைப்பிடியில மேல்பக்கம் எதுன்னு டேப் ஒட்டி வச்சேன் அப்புறம்.

நட்டு_போல்ட்டு:
பாராசூட்ட கடைசி வாரத்துல தைக்காதீங்க. எடை 350 கிராம், 8 மீட்டர் வேகம், இழுவை எண் 0.75னு வச்சா 39 செ.மீ. விட்டம் வரும். ஆனா அந்த 0.75 உங்க துணிக்கும் உங்க தையலுக்கும் சரியா இருக்காது, மாடியிலேர்ந்து போட்டு ஸ்டாப்வாட்ச்ல பாத்து தான் நிஜ எண் தெரியும். நடுவுல ஒரு ஓட்டை விடுங்க, இல்லனா ஊஞ்சல் ஆடும், ஆடினா ஆன்டெனாவும் ஆடும். கயிறு முறுக்காம இருக்க ஒரு ஸ்விவெல் (சுழலற இணைப்பு) போடுங்க, மீன் தூண்டில்ல வர்றது போதும்.

வேகத்த பாதியாக்கணும்னா துணி நாலு மடங்கு வேணும், இத மறந்துட்டு "கொஞ்சம் பெருசா" தச்சவங்க கேனெல்லாம் பக்கத்து வயல் தாண்டி போயிருக்கு.

ரிஸ்க்_எடு:
எல்லாரும் பயமுறுத்தறீங்க. கடைசியில சென்சார் ஒண்ணு வச்சு பாராசூட்ல இறக்கினா அதுல கத்துக்க என்ன இருக்கு? நான் இன்னும் என் கட்சி தான். தோத்தாலும் பரவால்ல, பெருசா முயற்சி பண்ணி தோத்தா ரிப்போர்ட்ல எழுத விஷயமாவது இருக்கும்.

மதிப்பெண்_பலகை:
நான் சில தடவை நடுவரா உக்காந்திருக்கேன் (எந்தப் போட்டின்னு கேக்காதீங்க). ரிஸ்க்_எடு சொல்றதுல பாதி சரி. சும்மா சென்சார் வச்சு "அளந்தோம்"னு வந்து நிக்கற டீமுக்கு நாங்க நிறைய மார்க் போடறதில்ல. ஆனா பாதி தப்பு, ஏன்னா பெருசா முயற்சி பண்ணி தோத்த டீம்ல பெரும்பாலானவங்க ஏன் தோத்தோம்னே தெரியாம வருவாங்க. மேல போனதும் சிக்னல் நின்னுடுச்சு, எஸ்டி கார்டுல ஃபைல் காலி. அதுல எழுத என்ன இருக்கு?

முதல் மிஷன யாருமே மதிக்க மாட்டேங்கறாங்க, அதுல தான் விஷயமே இருக்கு. வளிமண்டலத்துல ஒரு கி.மீ.க்கு சராசரியா 6.5 டிகிரி குறையும்னு புத்தகத்துல இருக்கு. உங்க கேன் அத காட்டுமா? காட்டாது. ஏன்? சென்சார் ரெகுலேட்டருக்கு பக்கத்துல இருந்தா அந்த சூட்ட தான் அளக்கும், வெளிக்காத்த இல்ல. காத்து உள்ள வந்து போக வழி வச்சிருந்தாலும் சென்சாருக்கு ஒரு தாமதம் இருக்கு, 10 செகண்ட் தாமதம்னா 8 மீட்டர் வேகத்துல இறங்கற கேன் 80 மீட்டர் மேல இருந்தப்ப இருந்த வெப்பநிலைய தான் இப்ப காட்டும். இத கண்டுபிடிச்சு, தாமதத்த தரையில அளந்து, கிராஃப திருத்தி, திருத்தறதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு டீம் காட்டுச்சு. கேமரா இல்ல, சர்வோ இல்ல. ஜட்ஜ் யாரும் தூங்கல.

அழுத்தமும் அப்படித்தான். தரைக்கு பக்கத்துல ஒரு ஹெக்டாபாஸ்கலுக்கு 8 மீட்டர் சொச்சம். காலையில செட் பண்ண தரை அழுத்தத்த வச்சு மதியம் உயரம் கணக்கு போட்டா, நடுவுல வானிலை ரெண்டு ஹெக்டாபாஸ்கல் மாறியிருந்தா 17 மீட்டர் தப்பு. ஏவறதுக்கு முன்னாடி பூஜ்யம் செட் பண்ண ஒரு கமாண்ட் வைங்க.

பழைய_கேப்டன்:
☝️ இத பிரிண்ட் எடுத்து லேப் சுவத்துல ஒட்டுங்கப்பா

முதல்_கேன்:
சார் ரொம்ப நன்றி, அந்த 80 மீட்டர் விஷயம் படிச்சப்ப நெஜமாவே புல்லரிச்சுது. நேத்து டீம்ல உக்காந்து பேசினோம். லைவ் வீடியோ போச்சு, சர்வோவும் போச்சு. கேமரா மட்டும் வச்சு எஸ்டி கார்டுல பதிவு பண்ணலாம்னு அந்த மூணு பேர் கேக்கறாங்க, கீழ அனுப்ப மாட்டோம். இது ஓகேவா? இன்னொரு விஷயமும் இருக்கு, சொல்லலாமான்னு தெரியல, டீம்ல ஒரே ஆள் தான் கோடும் எழுதறான் சால்டரிங்கும் பண்றான், மத்தவங்க பிரசன்டேஷன் ஸ்லைடு கலர் மாத்திட்டு இருக்காங்க. அவன் போன வாரம் ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தான், வேலை மொத்தமா நின்னு போச்சு.

ஈயப்பத்து:
கேமரா வைக்கலாம், ஒரே கண்டிஷன், அதுக்கு தனி பேட்டரி, தனி கார்டு. மெயின் போர்டோட ஒரு ஒயர் கூட சேரக்கூடாது. கேமரா செத்தா கேமரா மட்டும் சாகட்டும்.

மெயின் போர்டுல எஸ்டி கார்ட நம்பி மட்டும் இருக்காதீங்க, உதறல்ல கார்டு ஸ்பிரிங்லேர்ந்து நழுவும். ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் பண்ணுங்க (உடனே கார்டுல எழுத வைங்க), இல்லனா கடைசி சில வரி மெமரியிலயே செத்துடும். போர்டுலயே சால்டர் பண்ணி பத்தவச்ச ஒரு ஃப்ளாஷ் சிப் ரெண்டாவது காப்பியா இருந்தா நிம்மதி.

க்யூப்காரி:
அந்த ஒத்த ஆள் விஷயம் தான் எனக்கு எல்லாத்தையும் விட பயமா இருக்கு. தம்பி, இத சின்னதா நெனைக்காதீங்க. க்யூப்சாட் டீம்லயும் இதே கதை, அங்க அந்த ஒரு ஆள் படிப்ப முடிச்சுட்டு போயிடுவான், கோடு மட்டும் இருக்கும், அது ஏன் அப்படி எழுதியிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

நாங்க பண்ணது என்னன்னா, வாரத்துல ஒரு நாள் "அவன் தொடக்கூடாத நாள்". அன்னிக்கு மத்தவங்க மட்டும் கேன பிரிச்சு, திரும்ப சேர்த்து, ஆன் பண்ணி, பத்து நிமிஷம் டேட்டா வாங்கணும். அவன் பக்கத்துல உக்காந்து வாய மூடிட்டு இருக்கணும். முதல் நாள் எங்களுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ஒரு ஸ்க்ரூ எந்த நீளம்னு கூட யாருக்கும் தெரியல. நாலாவது வாரம் இருபது நிமிஷம். லான்ச் அன்னிக்கு வெயில்ல, பதட்டத்துல, எவன் கையில கேன் இருக்கும்னு சொல்ல முடியாது.

யாகி_பிடிச்ச_கை:
வாய மூடிட்டு இருக்கணும்ங்கறது தான் அதுல கஷ்டமான பார்ட் 😂

சும்மா_கேட்டேன்:
ஒரு சின்ன டவுட், லான்ச் பேட்ல காத்திருக்கற நேரத்துக்கு பேட்டரி போதுமா? ரெண்டு நிமிஷ ஃப்ளைட்டுக்கு தானே டிசைன் பண்றீங்க?

பழைய_கேப்டன்:
அட, நல்ல கேள்வி, சாட்டிலைட் இல்லன்னு சொன்னவர் கிட்டேர்ந்து வருது பாருங்க. ஐரோப்பிய ரூல்லயே தொடர்ந்து நாலு மணி நேரம் ஆன்ல இருக்கணும்னு இருக்கு. சராசரி 150 மில்லி ஆம்ப்னா 600 மில்லி ஆம்ப் அவர், அதுக்கு மேல கொஞ்சம் வச்சுக்கங்க. காயிதத்துல போட்டு விடாதீங்க, நிஜமாவே நாலு மணி நேரம் ஆன்ல விட்டு பாருங்க, கேன மூடி வச்சு, வெயில்ல வச்சு.

நட்டு_போல்ட்டு:
முழு கேனா சேர்த்து டிராப் டெஸ்ட் எப்ப? தனித்தனியா எல்லாம் ஓடுதுன்னு சொல்லாதீங்க, சேர்த்தா தான் தெரியும்.

முதல்_கேன்:
அஞ்சாவது வாரத்துக்குள்ள பண்றோம். அப்புறம் வந்து சொல்றேன்.

(5 வாரம் கழிச்சு)

முதல்_கேன்:
வந்துட்டேன். டிரோன்ல 120 மீட்டர் ஏத்தி கேன விட்டோம். பாராசூட் அழகா விரிஞ்சுது, எல்லாரும் கத்தினோம், வீடியோ எடுத்தோம், டேட்டாவும் வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஃபைல திறந்தா பாக்கெட் நம்பர் 209, 210, 211, 212 வரைக்கும் போயி அடுத்தது 1. திரும்பவும் 1, 2, 3ன்னு. நடுவுல மூணு செகண்ட் ஒண்ணுமே இல்ல. உயரம் வேற பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்குது, வானத்துல தொங்கிட்டு இருக்கறப்பவே "நான் தரையில இருக்கேன்"னு சொல்லுது. கோடு எழுதினவன் ரெண்டு நாளா தூங்கல, வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினா தானா ரீசெட் பண்ற டைமர்) தான் காரணம்னு சொல்றான்.

ஈயப்பத்து:
212 வந்தது எப்ப? பாராசூட் விரிஞ்ச செகண்டா?

முதல்_கேன்:
ஆமா அண்ணா, வீடியோவோட சேர்த்து பாத்தா கரெக்டா அந்த உதறல் அப்ப

ஈயப்பத்து:
பேட்டரி எப்படி மாட்டியிருக்கு? ஸ்பிரிங் வச்ச ஹோல்டரா?

முதல்_கேன்:
ஆமா...

ஈயப்பத்து:
தூங்கச் சொல்லுங்க அவன. கோடுல ஒண்ணும் இல்ல. உதறல்ல செல் ஒரு நொடி ஸ்பிரிங்க விட்டு விலகுது, கரண்ட் போயி திரும்ப வருது, பவர் ரீசெட். அமெரிக்க கேன்சாட் போட்டி ரூல்லயே ஸ்பிரிங் காண்டாக்ட் கூடாதுன்னு எழுதி வச்சிருப்பாங்க, காரணமும் இதே தான். முனையில உலோகப் பட்டை வெல்ட் பண்ண செல் வாங்கி ஒயர அந்த பட்டையில பத்தவைங்க, செல் மேல நேரடியா ஈயம் வைக்காதீங்க, செல்லுக்கு சூடு ஒத்துக்காது.

க்யூப்காரி:
அதோட அந்த அமெரிக்க ரூல்ல இன்னொண்ணும் இருக்கு, ரீசெட் ஆனாலும் பாக்கெட் எண்ணிக்கை தொடரணும். காரணத்த சரி பண்ணிட்டு இதையும் சேருங்க, பாக்கெட் நம்பரையும் தரை அழுத்தத்தையும் ஈப்ராம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) எழுதி வச்சுட்டா எழுந்ததும் படிச்சுட்டு விட்ட இடத்துலேர்ந்து போகும். ஈப்ராம் தேய்ஞ்சிடும்னு யாராவது சொன்னா, ஒரு லட்சம் தடவை எழுதலாம், செகண்டுக்கு ஒண்ணுன்னா நாலு மணி நேரத்துக்கு 14,400 தான். ஆனா தயவு செஞ்சு இத மட்டும் பண்ணிட்டு ஸ்பிரிங்க அப்படியே விட்டுடாதீங்க, பிரச்சனை மறைஞ்சிடும், போகாது.

ரிஸ்க்_எடு:
சரி ஒத்துக்கறேன், சர்வோ இருந்திருந்தா இது சர்வோவால தான்னு நெனச்சு அத தேடிட்டு இருந்திருப்பீங்க. ஆனா அடுத்த வருஷம் சர்வோ வைங்க 😛

முதல்_கேன்:
அடுத்த வருஷம் உங்கள தான் முதல்ல கூப்பிடுவோம் ப்ரோ

(6 நாள் கழிச்சு)

முதல்_கேன்:
ரெண்டாவது டிராப் முடிஞ்சுது. செல்ல பத்தவச்ச பொண்ணு போன மாசம் வரைக்கும் ஸ்லைடு கலர் மாத்திட்டு இருந்தவ, "தொடக்கூடாத நாள்" புண்ணியம். 340லேர்ந்து 356 வரைக்கும் ஒரு பாக்கெட் கூட விடல, தரையில விழுந்ததுக்கு அப்புறமும் 357, 358ன்னு போயிட்டே இருந்துச்சு. வெப்பநிலை கிராஃப் மட்டும் இன்னும் கோணலா இருக்கு, சார் சொன்ன தாமதம் தான்னு நெனைக்கறோம், ஃபேன் முன்னாடி வச்சு அளக்க ஆரம்பிச்சிருக்கோம். கேன் 741ல தான் நின்னுச்சு, ஆஃப் பண்ண கொஞ்சம் நேரமாயிடுச்சு.

நட்டு_போல்ட்டு:
ஏன் நேரமாச்சு? சுவிட்ச் எங்க இருக்கு?

முதல்_கேன்:
உள்ள. நாலு ஸ்க்ரூ கழட்டணும்.

நட்டு_போல்ட்டு:
வெளிய கொண்டு வாங்க. இன்னிக்கே.